ஜமீலாக்கா வீட்டு கம்ப்யூட்டருக்கு வேகம் ஏத்தின கதை

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில்ல பத்து வருஷம் இருந்தா ஒரு வியாதி வந்துடும்: அடுத்தவங்க வீட்டு மெஷின் மெதுவா ஓடுறதைப் பாத்தா நமக்கு வயிறு எரியும்.

எனக்கு அது முத்திப் போச்சு. குடவாசல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடை. நானும் விஜயாவும்தான் ஆளுங்க. விஜயா சாலிடரிங் பிடிச்சா கை ஆடாது. நான் நாற்காலியில உக்காந்தா கால் ஆடாம இருக்காது. திரையில அந்தப் பச்சைக் கோடு நகர்றதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்க என்னால முடியாது. நாப்பது சதவீதத்துல நின்னுச்சுன்னா எழுந்து வாசலுக்குப் போவேன், டீ சொல்லுவேன், திரும்பி வந்து பாத்தா நாப்பத்தொண்ணு. நீங்களும் இந்த ஜாதின்னா மேல படிங்க. பொறுமைசாலிங்க படிச்சா என்னைத் திட்டத்தான் தோணும். திட்டுங்க, நியாயம்தான்.

மூணு நிமிஷம்

கமிஷன் மண்டி வச்சிருக்கிற ராமலிங்கம் வீட்டுல ஒரு மெஷின். காலையில அதைப் போட்டுவிட்டுட்டுக் குளிக்கப் போவாரு. குளிச்சு, தலை துவட்டி, விபூதி பூசிட்டு வந்து உக்காந்தாலும் அது இன்னும் 'வரவேற்கிறோம்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். உள்ள இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். தட்டு சுத்தணும், முள்ளு தேடணும், அப்புறம்தான் விஷயம் வெளிய வரும்.

அதைக் கழட்டிட்டு, அதே ஒயர்ல ஒரு எஸ்.எஸ்.டி. மாட்டினேன். எஸ்.எஸ்.டி.ல சுத்துறதுக்கு ஒண்ணும் கிடையாது, வெறும் சிப்புதான். அந்த ஒயருக்குப் பேரு 'சாட்டா'. இதுக்கும் மேல 'என்.வி.எம்.இ.'ன்னு ஒண்ணு இருக்கு. ஒயரே வேணாம், சூயிங்கம் மாதிரி ஒரு பட்டை, நேரா மதர்போர்டுல செருகிடலாம். அட்டைப்பெட்டியில போட்டிருக்கிறதைப் படிச்சா சாட்டாவைவிட ஆறு மடங்கு வேகம். இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நான் முழிச்சதுதான் மிச்சக் கதை. ராமலிங்கத்துக்கு நான் போட்டது சாதாரண சாட்டாதான். மூணு நிமிஷத்துல எழுந்திருச்ச மெஷின் இருபது செகண்டுல எழுந்து நின்னுச்சு. மனுஷன் முகத்துல சந்தோஷமே இல்ல. துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தாரு.

"அப்ப இத்தனை வருஷமா நான் உக்காந்து பாத்துக்கிட்டிருந்ததுக்கு யாரு தம்பி பொறுப்பு?"

பதினஞ்சு நாள்

ஜமீலாக்கா வீடு டவுன்லேருந்து நாலு கிலோமீட்டர், சுத்தி வயலு. வீட்டுலயே உக்காந்து கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவாங்க. ஸ்டூடியோக்காரங்க எடுத்த போட்டோவைக் கொடுத்தா, பக்கம் பக்கமா கோத்து, பூ போட்டு, மாப்பிள்ளை முகத்துல இருக்கிற வேர்வையைத் துடைச்சு, அச்சுக்கு அனுப்புற மாதிரி ஆக்கிக் கொடுக்கிற வேலை. நல்ல கை. மெஷின்தான் மட்டம். ஒரு ஆல்பத்தைத் திறக்கச் சொன்னா அது கண்ணை மூடிக்கும்.

போன வைகாசிக் கடைசியில கூப்பிட்டாங்க. போனா நசீர் பாய் வீட்டுல இருந்தாரு, அக்காவோட வீட்டுக்காரர். வளைகுடாவுல வேலை, லீவுல வந்திருந்தாரு. விஷயத்தை ரெண்டு பேருமா சொன்னாங்க. கும்பகோணத்து ஸ்டூடியோ ஒண்ணு மூணு ஆல்பம் கொடுத்திருக்கு. பதினஞ்சு நாளைக்குள்ள முடிச்சுக் காட்டினா ஆவணி முகூர்த்தத்துலேருந்து அவங்க வேலை மொத்தமும் அக்காவுக்குத்தான். பாய் இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடறாரா இல்லையான்னு கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அதே பதினஞ்சு நாளைக்குள்ள. ஸ்டூடியோ வேலை கிடைச்சா அவரு திரும்பிப் போக வேணாம். மக ஏழாவது படிக்குது. அது பொறந்ததுலேருந்து மொத்தமாச் சேத்துப் பாத்தா அவரு வீட்டுல இருந்தது ஒண்ணரை வருஷம் தேறாதுன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு.

"கவலையே படாதீங்க பாய், ராக்கெட் மாதிரி ஆக்கித் தர்றேன்"னு சொல்லிட்டு, மெஷினைக் கழட்டி ஸ்கூட்டர்ல முன்னால வச்சேன். அக்கா வாசல்வரைக்கும் வந்தாங்க.

"மெதுவா ஓடினாலும் ஓடுது தம்பி. எடுத்துட்டுப் போனீங்கன்னா எனக்கு அதுவும் இல்லாமப் போயிடும்."

படம் போடுற குரூப்பு

எங்க பக்கத்து மெக்கானிக்குங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப்பு இருக்கு. வேதாரண்யத்துலேருந்து தஞ்சாவூர் வரைக்கும் ஆளுங்க. ஒரு மெஷினுக்கு வேகம் ஏத்தினா, வேகம் அளக்கிற புரோகிராமை ஓட்டி, செகண்டுக்கு எத்தனை எம்.பி.ன்னு வர்ற நம்பரைப் படம் பிடிச்சு அதுல போடணும். சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா போடாம யாரும் தூங்க மாட்டாங்க. ஐந்நூறுன்னு ஒருத்தன் போட்டா கட்டை விரல் ரெண்டு வரும். மூவாயிரம்னு போட்டா தீயி, கைதட்டு, கும்புடுன்னு வந்து கொட்டும். குத்தாலத்துக்காரர் ஒருத்தர் அந்த வாரம்தான் மூவாயிரத்துச் சொச்சம் போட்டிருந்தாரு. எனக்கு அது முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

ஜமீலாக்கா மெஷினைப் பிரிச்சா, மதர்போர்டுக்குப் பத்து வயசுக்கு மேல. என்.வி.எம்.இ. செருக இடமே இல்ல. விஜயா அலமாரியிலேருந்து ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. பெட்டியை எடுத்து மேஜையில வச்சுச்சு. ஒரு மணி நேர வேலை. சாயங்காலம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். நான் அந்தப் பெட்டியை நகர்த்தி வச்சுட்டு, பழைய போர்டுலயும் என்.வி.எம்.இ. செருகுறதுக்குன்னு ஒரு கார்டு வருது, அதை சென்னைக்கு ஆர்டர் போட்டேன். 'பாவம், அக்காவுக்கு நல்லதாவே போடுவோமே'ன்னு விஜயாகிட்ட சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதியை அது கண்டுபிடிச்சிடுச்சு.

"அக்காவுக்கு ஆல்பம் வேணுமாண்ணே, உங்களுக்கு நம்பர் வேணுமா?"

நாளைக்கு, நாளைக்கு

கூரியர் ரெண்டு நாள்ல வரும்னாங்க. வரல. திருச்சியில இருக்குன்னு காட்டுச்சு, அப்புறம் மதுரையில இருக்குன்னு காட்டுச்சு. குடவாசலுக்கு வர வேண்டிய பார்சல் மதுரைக்கு எதுக்குப் போவுதுன்னு கேட்டா போன்ல பாட்டு போட்டாங்க. ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை போனை எடுத்து எடுத்துப் பாத்தேன். கடையில இருந்த பழைய லேப்டாப் ஒண்ணை அக்காவுக்கு அனுப்பி வச்சேன். முதல் ஆல்பத்தைத் திறந்ததும் அது படுத்துடுச்சு. அவ்வளவு கனத்தை அது தாங்காதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் அனுப்பினேன், ஏதோ அனுப்பினோம்னு இருக்கட்டுமேன்னு.

அஞ்சு நாள் இப்படிப் போச்சு. அக்கா தினம் காலையில ஒரு போன். முதல் நாள் மரியாதையா விசாரிச்சாங்க, ரெண்டாம் நாளும் மரியாதைதான். அஞ்சாம் நாள் குரல் வேற மாதிரி இருந்துச்சு.

"ஆஸ்பத்திரியில சேத்த ஆளை விசாரிக்கிற மாதிரி தினம் கேக்குறேன், நீங்களும் நாளைக்கு நாளைக்குங்கிறீங்க. பொழைக்குமா பொழைக்காதா, அதைச் சொல்லிடுங்க தம்பி."

தெரியுது, ஆனா எழுந்திருக்கல

ஆறாம் நாள் பார்சல் வந்துச்சு. ஏழாம் நாள் மத்தியானம் மெஷினைத் தூக்கிக்கிட்டு நேரா அக்கா வீட்டுக்கே போயிட்டேன். பாய் முன்னாடி மாட்டிக் காட்டணும்னு ஒரு ஆசை. பெருமைதான், வேறென்ன. கார்டைச் செருகி, பட்டையை மாட்டி, புரோகிராமை ஓட்டினேன். ஆயிரத்து ஐந்நூறு வந்துச்சு. அந்தப் பழைய போர்டுல ஆயிரத்து ஐந்நூறு! படம் பிடிச்சு அங்கேயே, அந்த நிமிஷமே குரூப்புல போட்டேன். தீ வந்துச்சு, கும்புடு வந்துச்சு. குத்தாலத்துக்காரரே கைதட்டினாரு.

ஆனா ஒரு சிக்கல். பழைய ஹார்ட் டிஸ்கை உருவிட்டு இதை மட்டும் வச்சுப் போட்டா மெஷின் எழுந்திருக்கல. அந்தக் காலத்து போர்டுக்கு என்.வி.எம்.இ.ன்னா என்னன்னே தெரியாது. மெஷின் எழுந்தப்புறம் அதைப் பாக்குது, பேசுது, ஆனா அதை வச்சு எழுந்திருக்கத் தெரியல. இங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். பழைய டிஸ்க் எழுப்பட்டும், போட்டோவெல்லாம் புதுசுல இருக்கட்டும்னு விட்டுட்டு வந்திருந்தா அக்காவுக்கு அதுவே தாராளம். இதே தொழில் பண்றவங்க தலையில அடிச்சுக்கிறது எனக்குக் கேக்குது. எனக்கு மனசு ஆறல. மெஷின் எழுந்திருக்கிறதுக்கு ரெண்டரை நிமிஷம் ஆகுதே, அது என் கணக்குல தோல்விதானே? பாய் திரையையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"ஓடுதே தம்பி! ஓடுறதுக்கு எதுக்கு எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

மோட்டார் போடுற நேரம்

குரூப்புல வேதாரண்யத்து நண்பர்கிட்ட கேட்டேன். அந்த போர்டோட பயாஸை மாத்தினா எழுந்திருக்கும்னு ஒரு ஃபைல் அனுப்பினாரு. பயாஸுங்கிறது மெஷின் கண் முழிச்சதும் முதல்ல என்ன செய்யணும்னு எழுதி வச்சிருக்கிற ஒரு சின்ன சிப்பு. அதைத் திருத்தி எழுத நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்துல கரன்ட் போகக் கூடாது. போனா மெஷின் பொணம். அவங்க வீட்டு யு.பி.எஸ். பேட்டரியோ உப்பிப்போய்க் கிடக்குது.

மணி ரெண்டு அம்பத்தாறு. அக்கா டீயைக் கொண்டாந்து வச்சாங்க. "தம்பி, மூணு மணிக்கு வயக்காட்டு மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரன்ட் விடுவான். கொஞ்சம் பொறுத்து ஆரம்பிங்க"ன்னாங்க. நம்ம ஊர்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. மேட்டூர்த் தண்ணி இன்னும் வந்து சேரல, குறுவை நாத்தங்கால் எல்லாம் போர் தண்ணியை நம்பித்தான். எல்லா மோட்டார்லயும் ஆட்டோ ஸ்டார்ட்டர். த்ரீ பேஸ் வந்த செகண்டுல ஊர்ல இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்துல எழும்பும். வோல்டேஜ் விழும், ஃபேன் தள்ளாடும், மிக்ஸியைக்கூட யாரும் போட மாட்டாங்க. நானும் இந்த ஊர்க்காரன்தான், எனக்குத் தெரியாதா? நாலு நிமிஷ வேலை, நாலு நிமிஷம் இருக்குன்னு கணக்குப் போட்டு பட்டனைத் தட்டிட்டேன்.

எழுபத்தெட்டு சதவீதம். வயக்காட்டுப் பக்கம் மோட்டார் சத்தம் கிளம்புச்சு. ட்யூப்லைட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுச்சு. திரை கறுத்துப் போச்சு. அப்புறம் பட்டனை எத்தனை தடவை அமுக்கினேன்னு எனக்கே தெரியாது. மெஷினுக்குள்ள ஃபேன் மட்டும் சுத்துது, உசுரு இல்ல. அக்கா உள்ள போயிட்டாங்க. அதுதான் எனக்குத் தாங்கல. பாய் டீ டம்ளரை என் பக்கம் தள்ளி வச்சாரு.

"மூணு மணி தாண்டுறவரைக்கும் இதைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே தம்பி."

தஞ்சாவூர் பஸ்

மெஷினைத் திரும்பக் கடைக்கே தூக்கிட்டு வந்தேன். அந்த பயாஸ் சிப்பு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதைக் கழட்டி, அதுக்குன்னு ஒரு கருவியில வச்சுத் திருப்பி எழுதணும். அந்தக் கருவி எங்ககிட்ட இல்ல, தஞ்சாவூர்ல ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. எட்டாம் நாள் ஞாயித்துக்கிழமை, கடை லீவு. ஒன்பதாம் நாள் போனா அவரு நாகப்பட்டினத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காரு. பத்தாம் நாள் ஆளைப் பிடிச்சு சிப்பைக் கொடுத்து எழுதி வாங்கிட்டு வந்தேன். வந்து மாட்டினா எழுந்திருக்கல, வேற போர்டோட ஃபைல். பதினொண்ணாம் நாள் மறுபடியும் பஸ்ஸு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல அரை மணி நேரம். பஸ்ஸுல எல்லாரும் கடலை தின்னுக்கிட்டு நிம்மதியா உக்காந்திருக்காங்க. நான் மட்டும் படிக்கட்டுல இறங்கி ரயில் வருதா வருதான்னு எட்டிப் பாத்துக்கிட்டு நின்னேன். கண்டக்டர் ரெண்டு தடவை திட்டினாரு.

தஞ்சாவூர்க்காரர் நிதானமான மனுஷர். லென்ஸைக் கண்ணுல மாட்டிக்கிட்டு சிப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாரு. "சார், ரொம்ப அவசரம் சார், ஒரு குடும்பமே காத்துக்கிட்டிருக்கு"ன்னேன். அவரு தலையை நிமித்தக்கூட இல்ல.

"அவசரத்துலதானே சார் இது இங்க வந்து சேந்துச்சு, திரும்பிப் போறப்பவாவது நிதானமாப் போகட்டும்."

கையில கடிகாரம்

பன்னெண்டாம் நாள் போர்டுக்கு உசுரு வந்துச்சு. நான் சந்தோஷத்துல டீ சொல்லப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள, விஜயா என்னைக் கேக்காமலே அலமாரியிலேருந்து அந்தப் பழைய பெட்டியைப் பிரிச்சு சாட்டா எஸ்.எஸ்.டி.யை மாட்டிடுச்சு. ஒரு மணி நேரத்துல அக்காவோட எல்லாமே அதுல வந்து சேந்துடுச்சு. மெஷின் எழுந்திருக்க இருபத்திரண்டு செகண்டு. பெரிய ஆல்பம் திறக்கப் பதினொரு செகண்டு. முன்னாடி அதே ஆல்பத்துக்கு அக்கா போயி சோறு வடிச்சுட்டு வருவாங்களாம்.

எனக்கு அப்பவும் அரிப்பு அடங்கல. கடையில இருக்கிற எங்க புது மெஷின்ல ரெண்டுக்கும் இடம் உண்டு. அதே ஆல்பத்தை முதல்ல சாட்டாவுல வச்சுத் திறந்தேன், அப்புறம் என்.வி.எம்.இ.ல வச்சுத் திறந்தேன். விஜயா போன்ல கடிகாரத்தைப் பிடிச்சுச்சு. புரோகிராமை ஓட்டினா நம்பர் ஆறு மடங்கு. ஆல்பம் திறக்கிறதுல வித்தியாசம் ரெண்டு செகண்டு. நம்பாம மறுபடியும் பாத்தேன், மறுபடியும் ரெண்டு செகண்டு. திறக்கிறதுன்னா டிஸ்க் மட்டும் ஓடினாப் போதாது, மெஷின்ல மீதி எல்லாமும் ஓடி வரணும் இல்லையா? இதை நான் எத்தனை கஸ்டமருக்கு விளக்கிச் சொல்லியிருக்கேன்! விஜயா கடிகாரத்தை நிறுத்திட்டு என் முன்னால நீட்டுச்சு.

"இந்த ரெண்டு செகண்டுல ஒரு தும்மல்கூட முழுசாப் போட முடியாதுண்ணே."

பதினஞ்சாம் நாள்

பதிமூணாம் நாள் காலையில மெஷினைக் கொண்டுபோய் வச்சேன். பட்டனை அமுக்கினதும் எழுந்து நின்னுச்சு. அக்கா முகத்துல அப்பத்தான் ஒரு வெளிச்சம் பாத்தேன். முந்தானையைச் செருகிக்கிட்டு உக்காந்தவங்கதான், எழுந்திருக்கல. முன்னாடியே போட்டோவெல்லாம் பொறுக்கி, பக்கக் கணக்கையும் நோட்டுல எழுதி வச்சிருந்திருக்காங்க. மெஷின்தான் பாக்கி. பதினஞ்சாம் நாள் சாயங்காலம் மூணு ஆல்பமும் கும்பகோணத்துக்குப் போயிடுச்சு. ரெண்டே முக்கால் நாள்! ஸ்டூடியோக்காரர் போன்லயே சொல்லிட்டாராம், ஆவணியிலேருந்து வேலை அக்காவுக்குத்தான்னு.

விஜயாகிட்ட அதைச் சொல்லி, அல்வா ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டு ஸ்கூட்டரை விரட்டினேன். போனா கூடத்துல பெரிய பெட்டி திறந்து கிடக்குது. பாய் சட்டையை மடிச்சு வச்சுக்கிட்டிருக்காரு. மக பக்கத்துல உக்காந்து ஊறுகாய் பாட்டிலுக்கு டேப் சுத்துது. எனக்குப் புரியல. "என்ன பாய், வேலைதான் கிடைச்சிடுச்சே?"ன்னேன். பதினொண்ணாம் நாள் கம்பெனியிலேருந்து போன் வந்துச்சாம், என்ன முடிவுன்னு. அன்னிக்கு வீட்டுல மெஷினும் இல்ல, ஆல்பமும் இல்ல, என் போனும் தஞ்சாவூர் பஸ்ஸுல சிக்னல் இல்லாமக் கிடந்திருக்கு. எதை நம்பி வேண்டாம்னு சொல்றதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. "மாத்தி ஒரு மெயில் போட்டுடலாம் பாய், நான் எழுதித் தர்றேன்"னு பதறினேன். "சொன்னது சொன்னதுதான் தம்பி, டிக்கெட்டும் வந்துடுச்சு. விடுங்க, உக்காருங்க"ன்னாரு. அவரு கோவப்பட்டிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

வாயைத் திறக்காம இருந்திருக்கணும். எனக்கு அதுவும் வராது. அக்கா கேக்காமலே நடந்ததையெல்லாம் ஒப்பிச்சேன்: சாட்டா அலமாரியிலயே இருந்துச்சு, நான்தான் கார்டுக்கு ஆர்டர் போட்டேன், கடைசியில அளந்து பாத்தா வித்தியாசம் ரெண்டு செகண்டுதான்னு. அக்கா அல்வாப் பொட்டலத்தைப் பிரிச்சு முதல் துண்டை மக கையில கொடுத்தாங்க, ரெண்டாவது துண்டைப் பாய்க்கு. அப்புறம் என்னைப் பாத்தாங்க. குரல் உசரவே இல்ல.

"ரெண்டு செகண்டைக் குறைக்கப் போயி, எங்களுக்கு ரெண்டு வருஷத்தை ஏத்தி விட்டுட்டீங்களே தம்பி."

வேகத்தை அளக்க எங்கிட்ட இப்பவும் நாலு புரோகிராம் இருக்கு, ஆனா கஸ்டமர் வந்தா நான் முதல்ல ஓட்டுறது 'உங்களுக்கு இது என்னிக்கு வேணும்?'ங்கிற கேள்வியைத்தான்.